பதினாறு அடிக்குக் கீழே

சங்குவிளை,
11 பிப்ரவரி 1932

அன்புள்ள தம்பி தேவகுமாருக்கு, அக்காள் ராஜபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உன் இருமல் தீர்ந்ததா? சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். காய்ச்சிக் குடி. அத்தான் குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை வந்துபோகிறார்கள்.

இங்கே விசேஷம், பள்ளிக்கூடத்து வளவில் கிணறு வெட்டுகிறோம். மிஷனில் ஒருவழியாகச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். எண்பது பிள்ளைகளுக்கு ஒரு மைல் தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்கிற பாடு இனி இராது. வெட்டுகிறது வேறு யாருமில்லை, உன் கூட்டாளி பொன்னுலிங்கம்தான். ஐந்தாம் வகுப்புவரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதுவரை பதினாலு கிணறு வெட்டியிருக்கிறான். கூடவே மரியஜானும் இன்னும் இரண்டு பேரும்.

மேலே ஆறு அடி செம்மண். அப்புறம் வெள்ளைக் கல். கூந்தாலி முனை மழுங்கிப்போகிறது. இன்று பதினாறு அடி ஆகிவிட்டது. கொத்தனார் பகவதியப்பன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்திவர கல் உறை எறக்காம இனி ஒரு அடி வெட்டப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். உறைக்கல் வந்துசேர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கோடை முற்றிவிடும். பொன்னுலிங்கம், "யக்கா, வெட்டி எடுத்ததை தேவனுக்கு அனுப்பிக் கேளுங்க. அவன் கல்லுதானே படிக்கான்" என்றான்.

ஒரு கல் துண்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உறை இல்லாமல் சுவர் நிற்குமா, மேற்கொண்டு வெட்டலாமா என்று சீக்கிரம் எழுது. பொன்னுலிங்கம் உன்னை விசாரித்தான்.

உன் அக்காள்,
ராஜபாய்


சென்னை,
24 பிப்ரவரி 1932

பிரியமுள்ள அக்காவுக்கு, தேவகுமார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகம். இருமல் போய்விட்டது. அத்தான் வந்தால் என் அன்பைச் சொல்லுங்கள்.

பார்சல் உடையாமல் வந்தது. கல்லைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் புகும் அளவுக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என்னவென்று நினைக்கிறீர்கள்? இது ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த சேறு! சிப்பியும் கடல் பூண்டுகளும் செத்து உதிர்ந்து மாவாகிப் படிந்த சுண்ணாம்புச் சேறு. நம் பள்ளிக்கூடத்து வளவு அப்போது கடலுக்கடியில் இருந்திருக்க வேண்டும். இப்போது துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. நன்றாக இறுகிய கல்.

பதினாறு அடியிலேயே இப்படி என்றால், கீழே போகப் போக மேற்பாரம் அதிகம். இதைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். உறை வேண்டியதில்லை. பகவதியப்பன் மணற்கிணறு கட்டிப் பழகியவர், அதனால் பயப்படுகிறார். பொன்னுலிங்கத்தைத் தைரியமாக வெட்டச் சொல்லுங்கள்.

என் ஆராய்ச்சியும் இதே விஷயம்தான் என்பது உங்களுக்குத் தெரியுமே. ஒரு சர்வே கப்பல் மன்னார்க் கடலில் இரும்புக் குழாயைச் செருகி எடுத்த சேறு எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் கட்டுரை. ஜூன் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும்.

தங்கள் தம்பி,
தேவகுமார்


சங்குவிளை,
19 மார்ச் 1932

அன்புள்ள தம்பிக்கு, இங்கே சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். உன் கடிதம் 28-ஆம் தேதியே கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள். அத்தானுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து தீர்ந்தது.

கிணற்று வேலை இப்போது நிற்கிறது. அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். கட்டுரையை முடி. நேரத்துக்குச் சாப்பிடு.

ராஜபாய்


சென்னை,
2 ஏப்ரல் 1932

பிரியமுள்ள அக்காவுக்கு, அத்தான் காய்ச்சல் தீர்ந்ததறிந்து சந்தோஷம். நானும் சுகம்.

கிணறு ஏன் நிற்கிறது? உப்புத் தண்ணீர் வந்துவிட்டதா? கடல் பக்கமானதால் அப்படி நேரலாம். அதற்கும் வழி உண்டு. உறை வேண்டாம் என்று நான் சொன்னதில் பகவதியப்பனுக்குக் கோபமா? பொன்னுலிங்கம் கேட்டதாக இந்த முறை ஒரு வரிகூட இல்லையே. அவன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.

நான் சேற்றை இரும்பு அழுத்தியில் வைத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடலடியில் ஆயிரக்கணக்கான வருஷம் நடப்பதை ஒரு வாரத்தில் நடத்திப் பார்க்கிற ஆசை. கை, சட்டை, மேஜை எல்லாம் வெள்ளை. விடுதிச் சமையற்காரர் என்னைப் பார்த்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலையா என்று கேட்டார்.

தேவகுமார்


சங்குவிளை,
25 ஏப்ரல் 1932

அன்புள்ள தம்பிக்கு, சமாதானம் உண்டாவதாக. இங்கே யாவரும் சுகம். வெயில் கடுமை. பள்ளிக்கூடம் அடைத்துவிட்டது.

பொன்னுலிங்கத்தின் பெண்சாதி தாணம்மாளுக்குப் பள்ளிக்கூடத்து அடுக்களையில் வேலை கொடுத்திருக்கிறோம். விடுமுறை முடிந்ததும் வருவாள்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கடலடியில் கிடக்கிற சுண்ணாம்புச் சேறு எப்படிக் கல்லாகிறது? எவ்வளவு காலம் ஆகும்? மேலே உள்ளது கல்லாகிக் கீழே உள்ளது சேறாகவே கிடப்பது உண்டா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். அவசரமில்லை. உன் வேலை கெடாமல் எழுது.

ராஜபாய்


சென்னை,
6 மே 1932

பிரியமுள்ள அக்காவுக்கு, நான் சுகம். தங்கள் சுகம் அறிய ஆவல். தாணம்மாள் வேலைக்கு வரப்போவது பற்றிச் சந்தோஷம். பொன்னுலிங்கம் எப்படிச் சம்மதித்தான்? பெண்சாதியை வெளிவேலைக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்கிறவன் ஆயிற்றே.

உங்கள் கேள்வி வந்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? என் கட்டுரையே அதுதான். பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி எழுதுகிறேன்.

கடலடியில் புதிதாகப் படிந்த சேற்றை ஒரு கை அள்ளினால் அதில் முக்கால்வாசி தண்ணீர்தான். புழுக்கள் அதைத் தின்று துளைத்துக் கிளறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் புதுச் சேறு விழும், அதன்மேல் இன்னும். பாரம் ஏற ஏற நடுவில் உள்ள தண்ணீர் பிதுங்கி மேலே போகும், துகள்கள் நெருங்கும், நாலு அடிச் சேறு இரண்டு அடியாகும். அப்படி நசுங்கி நசுங்கியே கல்லாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அது தப்பு. போன மாதம் நசுக்கின சேறு செங்கல் போலக் கட்டியாகி வந்தது. அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் சேறு! ஐந்து முறை செய்து பார்த்துவிட்டேன். நசுக்குவது மட்டும் போதாது. ஒட்டுவதற்குப் பசை வேண்டும்.

அந்தப் பசை சுண்ணாம்பேதான். துகள்களுக்கு நடுவே நிற்கிற தண்ணீரில் பொடித் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. கரைந்தது அங்கேயே, பாகில் கற்கண்டு விளைவதுபோல, இடைவெளிகளில் பளிங்காக விளைகிறது. சிப்பியில் இருக்கிற சுண்ணாம்பு சீக்கிரம் கரைகிற வகை. பளிங்காக விளைவது எளிதில் கரையாத வகை. இடைவெளியெல்லாம் அப்படி அடைபட்டால் சேறு கல்லாகிவிட்டது. கடலுக்குள்ளேயே இது நடக்கும், ஆனால் மிகமிக மெதுவாக. லட்சம் வருஷம் ஆகியும் வெண்ணெய் போலவே கிடக்கிற சேறும் உண்டு.

கடல் விலகித் தரை மேலே வந்துவிட்டால் கதை வேறு. மழைத்தண்ணீருக்குச் சுண்ணாம்பைக் கரைக்கிற சக்தி அதிகம். மேலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் போய்ச் சேருகிற வரைக்கும் சேறு விரைவாகக் கல்லாகும். அது எட்டாத இடத்தில், பழைய உப்புத்தண்ணீர் அசையாமல் கிடக்கிற இடத்தில், சேறு சேறாகவே இருக்கும். ஆகையால் மேலே கல், கீழே சேறு என்பது தாராளமாக நடக்கக்கூடியதுதான். ஆழம் கூடினால் கெட்டி கூடும் என்று எண்ணக்கூடாது. பிள்ளைகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

தேவகுமார்


சென்னை,
9 மே 1932

அக்கா,

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டு மூன்று நாளாகிறது. இன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தது, பள்ளிக்கூடம் அடைத்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பின் எந்தப் பிள்ளைகள் கேட்டார்கள்?

கிணற்றில் என்ன நடந்தது? பொன்னுலிங்கம் எங்கே?

உடனே எழுதுங்கள்.

தேவகுமார்


சங்குவிளை,
17 ஜூன் 1932

அன்புள்ள தம்பிக்கு, அக்காள் எழுதுவது. உன் மே மாதக் கார்டும், அதன்பின் போட்ட இரண்டு கார்டுகளும் கிடைத்தன. நீ கட்டுரையைக் கொடுக்கிற தேதி கழியட்டும் என்று இருந்தேன். அது முந்தாநாள் கழிந்துவிட்டது. இனி எழுதலாம்.

பொன்னுலிங்கம் இறந்துபோனான். மார்ச் 4, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

கல் பதினாறு அடியோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே பிசைந்த மாவு மாதிரி வெள்ளைச் சேறு. முதலில் சுவராக நின்றது. இருபத்துமூன்று அடியில் தண்ணீர் கசிந்தது. நல்ல தண்ணீர் இல்லை, உவர்ப்பு. பொன்னுலிங்கம் கீழே நின்று கூடையில் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மரியஜான் ஏணியில் பாதி உயரத்தில். அடிச்சுவர் பிதுங்கி உள்ளே வந்தது. தாங்க ஒன்றும் இல்லாமல் மேலே உள்ள கல் உடைந்து விழுந்தது. எனக்கு மூன்றாம் வகுப்பறையில் சத்தம் கேட்டது. ஓடிப்போனபோது மரியஜான் வடத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "அண்ணன் கீழயாக்கும்! அண்ணன் கீழயாக்கும்!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

பகவதியப்பன்தான் ஆள் கூட்டிக்கொண்டு வந்து, பனந்தடி முட்டுக் கொடுத்துப் பக்கத்திலிருந்து வெட்டி, மறுநாள் உச்சிப்பொழுதுக்கு உடலை எடுத்தார். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பொன்னுலிங்கம் வீட்டார் வழக்கப்படி வடக்கு முகமாக அடக்கம் செய்தார்கள். தாணம்மாளுக்கு ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பெண். கிணற்றுக் குழியை மூடியாயிற்று. பிள்ளைகள் பழையபடி ஒரு மைல் நடந்து சுமக்கிறார்கள்.

நீ இதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ராஜபாய்


சென்னை,
28 ஜூன் 1932

பிரியமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஒரு வாரமாகிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

கீழே போகப் போகக் கெட்டியாக இருக்கும் என்று எழுதியது நான். பிப்ரவரியில் எனக்கு அது தெரியாது. தெரிந்தவனைப்போல எழுதினேன். அழுத்திப் பார்த்தது அதற்கு அப்புறம். பகவதியப்பனுக்கு மைக்ராஸ்கோப் இல்லை, அவர் சொன்னது சரி. அவரைக் கேலி செய்து எழுதினேன். அதையும் வாசித்துக் காட்டினீர்களா?

மே மாதம் உங்கள் பதில் வராதபோதே வண்டியேறி வந்திருக்கலாம். ஏறவில்லை. வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை இல்லை, பயம்தான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் அனுப்பிய துண்டை மறுபடி மறுபடி பார்க்கிறேன். பதினாறு அடியில் கல் முடிகிறது என்றால், முடிகிற இடத்துக் கல் இவ்வளவு முற்றியிருக்காது. துகளுக்கிடையே வெற்றிடம் இருக்க வேண்டும். இந்தத் துண்டு எத்தனை அடியில் எடுத்தது? என் தப்பைக் குறைப்பதற்காகக் கேட்கவில்லை. நான் அதை அன்றைக்கே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

தேவகுமார்


சங்குவிளை,
9 ஜூலை 1932

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்பது அடியில்.

நீ கேட்பாய் என்று தெரியும். கேட்கமாட்டாய் என்றும் கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பொன்னுலிங்கம் என் கையில் இரண்டு கட்டி தந்தான். ஒன்று ஒன்பது அடியில் எடுத்த கல். இன்னொன்று அன்று காலை பதினாறு அடியில் எடுத்தது. ஈரமாய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற மாதிரி. வாழையிலையில் பொதிந்து கொடுத்தான். "யக்கா, இது ரெண்டையும் வச்சு அனுப்புங்க" என்றான். வீட்டில் வந்து பார்சல் கட்டும்போது இலையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வடிந்து துணியெல்லாம் நனைந்தது. நாகர்கோவில் தபாலாபீஸில் வாங்கமாட்டார்கள், அத்தோடு, சென்னைக்குப் போய்ச் சேரும்போது அது வெறும் பொடியாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். கல்லை மட்டும் வைத்துத் தைத்தேன். மற்றதைக் கொல்லையில் எறிந்தேன். கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மறக்கவில்லை தம்பி, எழுதினால் நீ வேண்டாம் என்பாய், வேலை நின்றுவிடும் என்று உள்ளுக்குள் தோன்றியது. எனக்குக் கிணறு வேண்டியிருந்தது. மூன்று வருஷம் மிஷனுக்கு விண்ணப்பம் எழுதியவள் நான்.

உன் பதிலை அவனுக்கு வாசித்துக் காட்டினபோதும் நான் சொல்லவில்லை. பகவதியப்பனைப் பற்றி எழுதியிருந்த வரியை வாசிக்காமல் விட்டுவிட்டேன். அதை மட்டும் விட்டேன்.

ஏப்ரலில் உன்னிடம் கேட்டது எதற்கென்றால், மேலே கல்லும் கீழே சேறும் யாரும் எதிர்பார்க்க முடியாத ஒன்று என்று நீ எழுதினால் கொஞ்சம் தூங்கலாமே என்று. நடக்கக்கூடியதுதான் என்று எழுதிவிட்டாய்.

ராஜபாய்


சென்னை,
20 ஜூலை 1932

பிரியமுள்ள அக்காவுக்கு, உங்கள் கடிதம் வந்தது. சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று அத்தானுக்குத் தனியே எழுதிக் கேட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

யாருடைய தப்பு பெரிது என்று நாம் இரண்டு பேரும் தபாலில் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. கேட்க வேண்டியவள் தாணம்மாள். கீழே இருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பங்கைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

"தாணம்மாளுக்கு, தேவகுமார் எழுதுவது. உறை வேண்டாம், தைரியமாக வெட்டலாம் என்று எழுதியது நான்தான். ஒரு துண்டுக் கல்லைப் பார்த்துவிட்டு, பார்க்காத ஆழத்தைப் பற்றிச் சொன்னேன். என் பேச்சை நம்பித்தான் பொன்னுலிங்கம் இறங்கினான். கொத்தனார் சொன்னதே சரி. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமையில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்."

தேவகுமார்


சங்குவிளை,
6 ஆகஸ்ட் 1932

அன்புள்ள தம்பிக்கு, உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். அத்தான் வந்திருக்கிறார்கள். சாப்பிடுகிறேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து அடுக்களையில் தாணம்மாளுக்கு உன் கடிதத்தை வாசித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. வாசித்து முடித்ததும் என் பங்கையும் சொன்னேன், இரண்டு கட்டியில் ஒன்றைத்தான் அனுப்பினேன் என்று. அப்போதுதான் முறத்தை வைத்தாள்.

"ஒண்ணுதானா அனுப்பினீங்க?" என்றாள்.

"ஆமா தாணம்மா."

முறத்து அரிசியைக் கையால் நிரவினாள். அப்புறம் சொன்னாள்: "வியாழக்கிழமை சாயங்காலம் அவிய குளிச்சிட்டு வந்து உக்காந்து சொன்னாவ. கீழ எல்லாம் மாவு மாதிரி கையில ஒட்டுது, எறங்க மனசே இல்லன்னு. அப்ப நிறுத்திப் போடுங்கன்னு நான் சொன்னேன். 'ரெண்டையும் பாத்துட்டுத்தானே தேவன் எழுதியிருக்கான், அவனுக்குத் தெரியாதா'ன்னு சொல்லிட்டு வெத்தல போட்டாவ."

தம்பி, பொன்னுலிங்கத்துக்குத் தெரிந்திருந்தது. இருபது வருஷம் மண் வெட்டின கைக்குத் தெரிந்திருந்தது. நீ அந்தச் சேற்றைப் பார்த்திருக்கிறாய் என்று நம்பித்தான் இறங்கினான். இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இனி அப்படி ஒன்றையும் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

தாணம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். எழுந்துபோய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "மேட்டுவிளையில அடுத்த மாசம் கெணறு வெட்டத் தொடங்குகாவ. அங்கயும் மேல வெள்ளக் கல்லுதானாம். கீழ என்ன கெடக்குன்னு ஒங்க தம்பிக்குத் தெரியுமா?"

நேரில் பார்த்தால் தெரியலாம், உனக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

"கடுதாசி வேண்டாம்" என்றாள். "அவன வரச் சொல்லுங்க. வந்து, குழிக்குள்ள எறங்கி, கையால தொட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டு."

ராஜபாய்